கொடிமலையின் மூத்த குடிகள்

மழை விட்ட காலையில் பினாங்கின் ஜார்ஜ் டவுனிலிருந்து பார்த்தால் கொடிமலையின் பச்சை ஒரே பச்சையாக இருப்பதில்லை. இறங்கிவரும் முகடுகளின் மேல் மட்டும் சாம்பலும் நீலமும் கலந்த மரத்தலைகள் தனித்துத் தெரியும். அவை செராயா மரங்கள். அறிவியலில் ஷோரியா கர்டிசி என்பார்கள். 1884-ல் தண்ணீர்மலை அருவியடியில், பழைய கல்லுடைப்புப் பள்ளத்தைத் திருத்தித் தாவரவியல் பூங்காவை உண்டாக்கத் தொடங்கிய சார்லஸ் கர்டிஸின் பெயரைத் தாங்கிய மரம்.

செராயா எனக்கு ஓர் எல்லைக்கல். மலையில் ஏறும்போது அது கண்ணில் படும்வரை நான் இன்னும் கீழ்க்காட்டில்தான் இருக்கிறேன். 600 மீட்டரைத் தாண்டியதும் அது குறையும். ஓக் குடும்பத்து மரங்களும் லவங்கப்பட்டையின் உறவினர்களும் கூடும். தண்டில் பாசி ஏறும். காற்றில் ஈரம் கனக்கும். அங்கிருந்து மேலே உள்ள சிறு பரப்பைப் பற்றித்தான் இந்தக் குறிப்புகள். அங்கே ஊசியிலை மர இனங்கள் இருக்கின்றன. யாரும் கொண்டுவந்து நட்டதில்லை, அவை மலைக்கே உரியவை. பினாங்கிலேயே பிறந்து வளர்ந்தவர்களிடம் சொன்னால்கூட, பங்களாத் தோட்டங்களில் அடுக்கடுக்காய்க் கிளை நீட்டி நிற்கும் அரௌகாரியாவைத்தான் காட்டுவார்கள். அது வெளியிலிருந்து வந்த அழகு. நான் சொல்வது வேறு.

*

டாமார் மின்யாக் என்று மலாய்க்காரர்கள் சொல்லும் அகாதிஸ் மரம். நேராக, உருண்டையாக, கிளையில்லாமல் வெகுதூரம் மேலே போகும் தண்டு. பட்டை வட்டவட்டச் செதில்களாகக் கழன்று விழ, விழுந்த இடத்தில் குழி தங்கும். காயம்பட்டால் வெள்ளைப் பிசின் கசிந்து அங்கேயே உறையும். இலையைப் பார்த்து ஊசியிலை இனம் என்று யாரும் சொல்லமாட்டார்கள்: விரல் நீளம், தோல்போன்ற தடிப்பு, எதிரெதிராக ஜோடி ஜோடியாய். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் நடுநரம்பு இல்லாதது தெரியும். மெல்லிய கோடுகள் அடியிலிருந்து நுனிவரை ஒன்றையொன்று தொடாமல் ஓடும்.

பெண்கூம்பு உருண்டையானது. முற்றியதும் மரத்தின் மேலேயே செதில் செதிலாகப் பிரிந்துவிடும். ஒற்றைச் சிறகுள்ள விதை காற்றில் சுழன்று இறங்கும். அதனால் அடியில் தேடினால் முழுக்கூம்பு கிடைப்பது அரிது. உதிர்ந்த செதில்கள்தாம் கிடைக்கும்.

இதன் பிசின் ஒருகாலத்தில் வார்னிஷ் செய்யக் கப்பலேறியது. கோயிலில் புகைக்கும் குங்கிலியம் பூக்கும் மரங்களின் பிசின். இது பூ என்ற ஒன்று உலகில் தோன்றுவதற்கு முன்பே மரமாகியிருந்த குலத்தின் பிசின். ஜுராசிக் காலத்தில் அகாதிஸின் குடும்பம் பூமியின் வடபாதியிலும் தென்பாதியிலும் பரவியிருந்தது. இன்று அதன் இயற்கை வாழ்விடம் தென்கிழக்காசியாவிலும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பசிபிக் தீவுகளிலும் தென்னமெரிக்காவிலும் துண்டு துண்டாக நிற்கிறது.

*

செம்பிலோர் இன்னொன்று. தூரத்தில் நின்று பார்த்தால் சவுக்கு மாதிரி இருக்கும். இளங்கிளையில் மென்மையான ஊசிகள். வயதான கிளையில் ஊசி சுருங்கிச் செதிலாகி, தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரே மரத்தில் இரண்டையும் காணலாம். கல்கத்தா தாவரவியல் பூங்காவை நடத்திய வில்லியம் ராக்ஸ்பர்க், பினாங்கிலிருந்து கிடைத்த இந்த மரத்தை ஜூனிப்பர் என்று எண்ணிப் பெயரிட்டார். பின்னால் வந்தவர்கள் அதை டாக்ரிடியம் பேரினத்துக்கு மாற்றினார்கள். கல்கத்தாவில் இருந்தவர் கண்ணில் இமயத்து ஜூனிப்பர் நின்றிருக்கலாம். கண் தான் முன்பு கண்டதைத்தான் முதலில் காணும்.

மூன்றாவது, போடோகார்ப்பஸ். அரளியின் இலையைப்போல் நீண்ட இலை உள்ள இனம் இது. கட்டையான கூம்பே கிடையாது. சதைப்பற்றுள்ள சிறு காம்பின் நுனியில் விதை உட்கார்ந்திருக்கும். பழுத்ததும் காம்பு சிவக்கும். பறவை வந்து சதைக்காகத் தின்று, விதையை வேறிடத்தில் விடும். பூக்காத ஒரு குலம், பழத்தின் வேலையைத் தனக்குத்தானே கண்டுபிடித்துக்கொண்டிருக்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொண்ட பிறகு காட்டில் சிவப்பைக் கண்டால் குனிந்து பார்க்காமல் என்னால் கடக்க முடிவதில்லை.

*

அமெரிக்காவின் மேற்குக் கரையில், கலிபோர்னியாவும் ஓரிகனும் சேருமிடத்தில் கிளாமத் மலைகள் இருக்கின்றன. மிதவெப்பநாட்டு ஊசியிலைக் காடுகளில் உலகிலேயே வளமானவற்றுள் ஒன்று. ஏறத்தாழ 30 வகை ஊசியிலை மரங்கள் அந்த ஒரே வட்டாரத்தில் வாழ்கின்றன. பனியுகத்தின் பெரும் பனிப்பாளங்கள் அதை மூடவில்லை, பாறைகள் பலவிதம், கடலின் ஈரமும் உள்நாட்டின் வறட்சியும் அங்கே சந்திக்கின்றன. வடக்கிலிருந்து வந்ததும் தெற்கிலிருந்து வந்ததும் அங்கே தங்கிவிட்டன. அடைக்கலம் கொடுத்த மலை.

அந்த எண்ணிக்கையை வைத்து அளந்தால் கொடிமலையில் ஒன்றுமே இல்லை. இந்தத் தீவின் மிக உயர்ந்த முகடான மேற்குக் குன்று 833 மீட்டர்தான். ஆனாலும் அடைக்கலம் என்ற சொல் இங்கேயும் பொருந்துகிறது. பெருநிலத்தில், தித்திவாங்சா மலைத்தொடரில், பாசி படர்ந்த இத்தகைய காட்டைக் காண 1,200 மீட்டர், 1,500 மீட்டர் ஏற வேண்டும். இங்கே 700 மீட்டரிலேயே அதன் சாயல் வந்துவிடுகிறது. தனித்து நிற்கும் சிறு மலையில், அதுவும் கடலோரத்தில், ஈரக்காற்று மோதி மேலெழுந்து தாழ்ந்த உயரத்திலேயே மேகமாகிவிடும். மேகம் வெயிலைத் தடுக்கும். உதிர்ந்த இலை மக்காமல் தேங்கும். மண் புளித்து மெலியும். வேகமாக வளரும் மரங்களுக்கு அந்த மண் பிடிக்காது. செம்பிலோருக்கும் போடோகார்ப்பஸுக்கும் பிடிக்கும். அவற்றின் வேர்களில் சிறு முடிச்சுகள் உண்டு, உள்ளே பூஞ்சை குடியிருக்கும். வறிய மண்ணிலிருந்து உணவை இழுக்க அந்தக் கூட்டு உதவுகிறது.

எங்கே மற்றவர்கள் தடுமாறுகிறார்களோ அங்கே இவை நிலைத்திருக்கின்றன. பழைய குலங்கள் பல இன்று இப்படித்தான் வாழ்கின்றன, நல்ல மண்ணைப் பிறருக்கு விட்டுக்கொடுத்து.

*

எங்கள் தலைமுறைக்கு மலையைக் காட்டியது சினிமா. ஊட்டியும் கொடைக்கானலும், பைன் மரங்களுக்கு நடுவே நாயகி ஓடும் பாட்டும். பினாங்கிலிருந்து தமிழ்நாட்டுக்குச் சுற்றுலா போனவர்கள் அந்தப் பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். அந்தக் காடு மனிதர் நட்டது. பைன் அந்த மலைகளுக்கு உரியதில்லை. உதிர்ந்த ஊசிகள் தடித்த விரிப்பாய்க் கிடக்கும் தரையில் வேறு அதிகம் முளைப்பதில்லை. நிழலும் அமைதியும் உண்டு, ஆனால் அந்த அமைதியில் ஒரு பாதி வெறுமை.

தென்னிந்தியாவுக்கென்று இயல்பாய் உரிய ஊசியிலை இன மரம் ஒன்றே ஒன்றுதான்: நகேயா வாலிச்சியானா. திருநெல்வேலி மலைகளின் மழைக்காட்டிலும் கேரளத்துப் பக்கச் சரிவுகளிலும் நிற்கிறது. அகன்ற இலை, நடுநரம்பு இல்லாமல் நெடுகக் கோடுகள். போடோகார்ப்பஸின் நெருங்கிய உறவு. அதைத் தேடி யாரும் சுற்றுலா போனதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதே மரம் வங்காள விரிகுடாவைத் தாண்டி, நிக்கோபாரிலும் பர்மாவிலும் மலாயாத் தீபகற்பத்து மலைகளிலும் வளர்கிறது. 1822-ல் பினாங்குக்கு வந்து செடிகள் சேகரித்த நத்தானியல் வாலிக்கின் பெயர் அதற்கு.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி இந்தக் கரையில் இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே ஏராளம். அவர்களிடம் இதைச் சொல்ல ஆசை. உங்கள் பாட்டனாரின் மலையில் நிற்கும் மரத்துக்கு இந்தக் கரையிலும் சொந்தம் இருக்கிறது. உங்கள் பாட்டனார் வருவதற்கு வெகுகாலம் முன்பே அது இங்கே இருந்தது.

*

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரம் ஓடைப்படுகையில் கல்லாகிக் கிடக்கிறது. 18 மீட்டர் நீளம். 1940-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் எம். எஸ். கிருஷ்ணன் அதைப் பற்றி எழுதினார். கிரெட்டேசியஸ் காலத்தது. அன்று அந்த நிலத்தின்மேல் கடல் வந்து போய்க்கொண்டிருந்தது. கரையோரக் காட்டிலிருந்து அடித்துவரப்பட்ட ஊசியிலை இன மரம் அது. விழுப்புரம் பக்கம் திருவக்கரையின் கல்மரங்களிலும் போடோகார்ப்பஸின் கட்டையைப் போன்ற ஒன்றை அறிஞர்கள் அடையாளம் கண்டிருக்கிறார்கள். இன்று வேலிக்கருவையும் பனையும் நிற்கும் நிலத்தில் அந்தக் குலம் ஒருகாலத்தில் வாழ்ந்திருக்கிறது.

கொடிமலையில் அதே பெருங்குலத்தின் உயிருள்ள தண்டில் கை வைக்கலாம். குளிர்ந்திருக்கும். ஈரமாய் இருக்கும்.

*

ஃபெர்டினாண்ட் ஸ்டோலிக்ஸ்கா என்று ஒருவர். மொராவியாவில் பிறந்து, கல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். அரியலூர், திருச்சி வட்டாரத்துக் கிரெட்டேசியஸ் பாறைகளில் கிடைத்த கடல்வாழ் சங்குகளையும் சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் பற்றிப் பெரிய நூல் தொகுதிகள் எழுதினார். அதாவது சாத்தனூர் மரம் மிதந்த கடலின் உயிர்களை. அதே மனிதர் பினாங்குக்கும் வந்தார். மலையின் நத்தைகளைப் பற்றி எழுதினார். 1870-ல் ஓடைத் தேரை ஒன்றை விவரித்தார்: அன்சோனியா பினாங்கென்சிஸ். உலகில் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத தேரை. 1874-ல் யார்க்கந்துப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கின் உயரத்தில் இறந்துபோனார். வயது 36தான்.

கல்லான உயிர்களையும் துள்ளும் உயிர்களையும் ஒரே கண் பார்த்திருக்கிறது என்பது எனக்கு நெடுநாளாகத் துணையாய் இருக்கும் நினைவு. அரியலூரின் அம்மோனைட்டை எழுதிய கை, இங்கே பாறையிடுக்கில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு தேரையையும் அதே கவனத்தோடு எழுதியது.

அந்தத் தேரையின் தலைப்பிரட்டை வேகமாகப் பாயும் நீரில் வாழ்கிறது. அடித்துப்போகாமலிருக்க, தட்டையான உடலும் பாறையைக் கவ்வும் அகன்ற வாயும் அதற்கு. ஓடை கலங்கிச் சேறாகிப் பாறை மூடப்பட்டால் கவ்வ இடமில்லை. ஸ்டோலிக்ஸ்காவின் பெயரைத் தாங்கிய நன்னீர் நண்டு ஒன்றும் இந்த மலையில் உண்டு. நண்டென்றால் கடற்கரைதான் நினைவுக்கு வரும். இது மலையோடையின் நண்டு. குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே முழு நண்டாகி வெளிவரும், கடலுக்குப் போக வேண்டியதே இல்லை.

*

சிறியவை இன்னும்.

பாதையோரத்து மண்திட்டில், பாசியோடு பாசியாய் ஒரு சிறு கதவு. பட்டு நூலால் கீல் போட்டது. கதவின் விளிம்பிலிருந்து சில இழைகள் வெளியே நீண்டிருக்கும். பூச்சி இடறினால் உள்ளே தெரியும். லிபிஸ்டியஸ் என்ற சிலந்தி. அதன் வயிற்றின் மேல் தட்டுத்தட்டாய்க் கட்டங்கள் இருக்கும், மற்றச் சிலந்திகள் இழந்துவிட்ட பழைய அமைப்பு. இதன் குலத்தவரை நிலக்கரிக் காலத்துப் பாறைகளில் கண்டிருக்கிறார்கள், ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தையவை.

வளைவிரல் பல்லி, உடலில் வெள்ளையும் பழுப்பும் பட்டை பட்டையாய். 1827-லேயே பெயர் பெற்றது. தீபகற்பம் முழுவதும் இருப்பது ஒரே இனம் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். 2012-ல் பிரித்துப் பார்த்தபோது, உண்மையான சிர்ட்டோடாக்டிலஸ் புல்கெல்லஸ் பினாங்குத் தீவில் மட்டும்தான் என்று தெரிந்தது. 185 ஆண்டுகள் கழித்து ஒரு பல்லி இந்த ஊருக்கே உரியதாயிற்று.

குடுவைச் செடி, கழுத்தில் வெள்ளைப் பட்டை உள்ளது. அந்தப் பட்டை கறையானுக்கு விருந்து. தின்ன வரிசையாய் வந்து வழுக்கி உள்ளே விழும். செருப்பு வடிவ ஆர்க்கிட் ஒன்று கருங்கல் மேல் பாசியில் வேர் பிடிக்கும். அதைப் பிடுங்கிப்போய் விற்பவர்கள் உண்டு. எங்கே என்று எழுதமாட்டேன்.

*

கடைசிப் பனியுகத்தில் கடல்மட்டம் இன்றையதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. பினாங்குக்கும் பட்டர்வொர்த்துக்கும் நடுவே இன்று ஃபெர்ரி ஓடும் நீர் அன்று தரை. இங்கிருந்து சுமத்ராவுக்கும் போர்னியோவுக்கும் நடந்தே போயிருக்கலாம். பின்பு கடல் ஏறியது. தீவானது மனிதர் பார்த்துக்கொண்டிருந்த காலத்திலேதான். ஆனால் தேரைக்கும் நண்டுக்கும் தனிமை அதற்கும் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். ஈர முகட்டில் வாழும் உயிருக்குச் சுற்றியுள்ள வெப்பச் சமவெளியும் ஒரு கடல்தான்.

*

1923-ல் மலை ரயில் ஓடத் தொடங்கியது. பழைய வண்டியில் நடுநிலையத்தில் இறங்கி மாற வேண்டும். அரைமணி நேரம் ஆகும். காடு மாறுவதைச் சன்னல் வழியே காணலாம். காற்று மாறுவது கையில் தெரியும். 2011-ல் வந்த புதிய வண்டி சில நிமிடங்களில் உச்சியில் சேர்த்துவிடுகிறது. வயதானவர்களுக்கும் குழந்தைகளோடு வருபவர்களுக்கும் அது பெரிய வசதி. அருளொளித் திருமுருகன் கோயிலுக்கு நடந்தேற முடியாத பாட்டிமார்கள் அதில்தான் வருகிறார்கள். நடக்க முடிந்தவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: ஒருமுறையாவது இறங்கும்போது ஜீப் சாலை வழியாக இறங்கிப் பாருங்கள். '84' என்ற தேநீர்க் கொட்டகையில் உட்காருங்கள். அங்கிருந்து மேலே பார்க்கும் காடும் கீழே பார்க்கும் காடும் ஒன்றல்ல.

*

கர்டிஸ் 1894-ல் பினாங்கில் தாமாக வளரும் பூச்செடிகளையும் பெரணிகளையும் பட்டியலிட்டு வெளியிட்டார். அந்தப் பட்டியலைத் திறந்தால் வரிசையாய் லத்தீன் பெயர்கள். ஆனால் 30 மீட்டர் உயரத்துக் கிளையிலிருந்து பூ தானாக இறங்கி வராது. யாரோ ஏறியிருக்க வேண்டும். யாரோ வெட்டுக்கத்தியோடு முன்னே நடந்து வழி திறந்திருக்க வேண்டும். இலையை அழுத்திக் காயவைக்கும் காகிதக் கட்டை மழையில் நனையாமல் சுமந்திருக்க வேண்டும். அவர்கள் எந்த மரத்தை என்ன பெயரால் அழைத்தார்கள் என்பது போய்விட்டது. செடிகளைப் பற்றிய அறிவில் எவ்வளவோ அப்படிப் போயிருக்கிறது. பட்டியல் இருப்பதற்கு நன்றி சொல்லும்போது அந்தக் கைகளையும் சேர்த்துக்கொள்கிறேன்.

*

செப்டம்பர் 2021-ல் யுனெஸ்கோ பினாங்குக் கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. மலேசியாவில் தாசேக் சினி, குரோக்கர் மலைத்தொடர் ஆகியவற்றுக்குப் பிறகு மூன்றாவது. 12,481 ஹெக்டேர், தெலுக் பஹாங் தேசியப் பூங்காவும் அதன் கடலும் சேர்த்து. மகிழ்ந்தேன். இன்றும் மகிழ்ச்சிதான்.

ஆனால் மேகக்காட்டின் கணக்கு ஹெக்டேரில் இல்லை, உயரத்தில் இருக்கிறது. மலையில் 100 மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்குச் சற்று அதிகமாய்க் குளிரும். உலகம் ஒரு டிகிரி சூடேறினால், ஒரு செடி தன் பழைய குளிரைத் தேடி 150 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கும். கொடிமலையில் இந்தக் காட்டின் பட்டையே அவ்வளவு உயரம்தான். பெருநிலத்து மலையில் ஏற இடமிருக்கிறது. இங்கே 833 மீட்டருக்குப் பிறகு வானம். அகாதிஸ் தாழ்நிலத்து மணற்பாங்கான மண்ணிலும் வளரக்கூடியது, அது தாக்குப்பிடிக்கலாம். மேகத்தை நம்பி வாழும் பாசியும் சிறு ஆர்க்கிடும் ஓடைத் தேரையும் எங்கே போகும் என்று கேட்டால் எனக்குத் திசை தெரியவில்லை.

2017 நவம்பர் புயல்மழையில் சரிவுகள் பல இடங்களில் பெயர்ந்து விழுந்தன. ஜீப் சாலை அறுந்தது. அந்த மலையில் ஒரு சாலையை அகலப்படுத்தினாலும் மரத்தலைகளின் மூடாப்பு பிளக்கும், காற்று உள்ளே புகும், ஈரம் போகும். இப்போது தாவரவியல் பூங்காப் பக்கமிருந்து கேபிள் கார் வருகிறது. மேலே போகும் கூட்டம் கூடும். கூட்டத்தை நான் வெறுக்கவில்லை. மேலே போகிறவர்களுக்கு அங்கே என்ன இருக்கிறது என்று சொல்லும் குரல் கூட்டத்தின் அளவுக்கு வளர வேண்டும் என்றுதான் விரும்புகிறேன். இல்லாவிட்டால் வருகிறவர்கள் குளிரையும் ஜார்ஜ் டவுன் விளக்குகளையும் பார்த்துவிட்டு, முதுகுக்குப் பின்னால் நின்ற மரத்தைப் பார்க்காமலே இறங்கிவிடுவார்கள்.

*

பாதையோரம் புல் செதுக்கும் அக்கா ஒருவர். என்னை மேலேயே பார்த்துக்கொண்டு நிற்கக் கண்டார்.

"என்ன தம்பி, கொரங்கா?"

"இல்லக்கா, மரம்."

டாமார் மின்யாக்கைக் காட்டினேன். அவருக்கு மரம் தெரிந்திருந்தது. "பாலு வடியுமே, அதானே." கீழே முழங்கால் உயரத்துக்கு நின்ற கன்றும் அதுதான் என்று சொன்னபோது நம்பவில்லை. கன்றின் இலை பெரியது, தாய்மரத்தின் இலையைவிட அகலம். அதனால் வேறு செடி என்றே தோன்றும். ஓர் இலையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன், நடுநரம்பு இல்லாததை. உதிர்ந்து கிடந்த பழைய இலை ஒன்றை எடுத்து அவரே ஒப்பிட்டுப் பார்த்தார்.

"மெஷின் போடுற பசங்க வந்தா இதெல்லாம் சேத்து வெட்டிருவானுங்க தம்பி. அவனுங்களுக்கு என்ன தெரியும். ஒரு குச்சி நட்டு, செவப்புத் துணி கட்டி வைங்க. துணி கட்டுனா வெட்டமாட்டானுங்க."

துணி அவரிடமே இருந்தது. அந்தத் திருப்பத்தில் நான்கு கன்றுகள் கண்டோம். நான்குக்கும் கட்டினோம். ஐந்தாவதாக ஒன்றை அவர் காட்டினார். அது போடோகார்ப்பஸ். அதற்கும் கட்டினோம்.